அபரஞ்சி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடித்துக்கொள்கிறீர்களா அம்மா? மூலை என் மூக்கில் படுகிறது. இல்லை, இல்லை, படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் படியுங்கள். இந்தப் பக்கத்தை நானும் படித்துக்கொண்டுதான் வந்தேன். அதோ, கீழே ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி. பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டிருக்கிறார்கள். பார்த்தீர்களா? நான் சொன்ன பிறகுதான் பார்த்தீர்கள். அதைத்தான் சொல்கிறேன். பெயரைப் படிப்பார்கள், வயதைப் படிப்பார்கள், தெருவைப் படிப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் ஒருவரும் படிப்பதில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கூச்ச சுபாவம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஆனால் இந்த அடைப்புக்குறி விஷயத்தில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இந்த பஸ்ஸில் நீங்கள் எதுவரை போகிறீர்கள்? கடைசி வரைக்குமா? அப்படியானால் சொல்லலாம்.

என் பெயர் அபரஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரக்கடையில் பின்பக்கம் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறேன். கல்யாணச் சீர், புதுமனைப் புகுவிழா, அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் குடம், எல்லாவற்றுக்கும் பெயர் வெட்ட வேண்டும் அல்லவா? மெஷின் பேனா மாதிரி இருக்கும், டர்ரென்று சத்தம் போடும். எட்டாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் ல, ள, ழ மூன்றையும் இதுவரை மாற்றிப் போட்டதில்லை. எவர்சில்வரில் ரப்பர் வைத்து அழிக்க முடியாதே. அதனால் வெட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுவேன். இனிஷியல் உண்டா, 'நினைவாக' போட வேண்டுமா, 'அன்பளிப்பு' போட வேண்டுமா. இவ்வளவுதான் நான் வெளியாரிடம் பேசுவது.

சென்ற தை மாதம், பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பல்வலி. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காபி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தனபாக்கியம் பேப்பரோடு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள்.

"அபரஞ்சி, என்னடி இப்படிப் பண்ணிட்ட?"

"என்ன பண்ணேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த மாப்பிள்ளையப் பத்தி நாலு எடத்துல விசாரிச்சிருப்பேன்ல?"

"எந்த மாப்பிள்ளை?"

"போனவன்தான்! நகையோட போனவன்!"

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 'திருமண ஆசை காட்டிப் பெண்ணிடம் நகை மோசடி.' கீழே செய்தி. தெப்பக்குளத் தெருவில் தனியாக வசிப்பவர் அபரஞ்சி, வயது முப்பத்தெட்டு, கணவரை இழந்தவர். இணையம் மூலம் அறிமுகமான ஒரு நபர் ஆசை வார்த்தை கூறி அவரிடம் நகைகளை வாங்கிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார். போலீசார் வலைவீசித் தேடி வருகிறார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருந்தது. இருந்து என்ன?

எனக்கு வயது அறுபத்தொன்று அம்மா. கல்யாணமே ஆகவில்லை. இல்லாத கணவரை எப்படி இழப்பது? என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் இணையம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது? இதையெல்லாம் தனபாக்கியத்திடம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

"வயச நீதான் கொறச்சுச் சொல்லியிருப்ப. புருஷன் இல்லாதவன்னு சொல்லியிருப்ப, பேப்பர்காரன் அதை, புருஷன் செத்துப்போனான்னு எழுதிட்டான்."

"இங்க பாரு, பேரு மாத்தியிருக்குன்னு போட்டிருக்கான்ல? அப்ப அது நான் இல்லதானே?"

அவள் அதை விரல் வைத்துப் படித்தாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஓம் பேரு என்ன? மு. அபரஞ்சி. இங்க மு இருக்கா? எடுத்துட்டான்ல? அதான் மாத்தியிருக்கான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி ஆரஞ்சுப் பழம், ஒருத்தி ஹார்லிக்ஸ். பல்வலியில் கன்னம் வீங்கியிருந்ததா, அழுது வீங்கியது என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நகை எவ்வளவு என்று ஒருத்தி கேட்டாள், அத்தோடு விட்டுவிட்டார்கள். மற்ற எல்லாரும் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அதைத்தான் கேட்டார்கள்.

"அக்கா, ஆசை வார்த்தைன்னு போட்டிருக்கே. அப்படி என்னதான்க்கா சொன்னான்?"

எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் அறுபத்தொரு வருஷத்தில் யாரும் அப்படி ஒன்று சொன்னதில்லை. தெரிந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

கடையில் இன்னும் மோசம். மூன்று நாளாக ஒரே கூட்டம். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து பெயர் வெட்டச் சொல்கிறார்கள். கரண்டியில் யாராவது பெயர் வெட்டுவார்களா? நான் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பேன், அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாளி வைரவனுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, இன்னொரு தடவை பேப்பர்ல வர்றதுக்கு வழி இருக்கா? சித்திரை வரைக்கும் இழுத்தாப் போதும்."

"மொதலாளி, எனக்கு மானம் போகுது."

அவர் நல்ல மனிதர். சிரிப்பதை நிறுத்திவிட்டு, அப்போதே அந்தப் பத்திரிகைக்குப் போன் போட்டார். எந்தப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை ஸ்கூட்டரில் ஒரு பிள்ளை வந்து இறங்கினான். குண்டாக, வேர்த்து விறுவிறுத்து. பெயர் திருமேனி. அவன்தான் அந்தச் செய்தியை எழுதியவன். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"அம்மா, மன்னிச்சுடுங்க. அபரஞ்சின்னு ஒரு பேரு இந்தக் காலத்துல யாருக்கும் இருக்காதுன்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு இருக்கு."

"அதாம்மா. உயிரோட இருப்பீங்கன்னு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல தம்பி. அந்தப் பேரு ஒங்களுக்கு எங்க கெடச்சுது?"

"பாதிக்கப்பட்டவங்க பேரைப் போடக்கூடாதுல்லம்மா. அவங்க வீட்டுல உக்காந்து பேசிட்டிருந்தேன். பாவம், அழுதுகிட்டே காபி போட்டுக் குடுத்தாங்க. மாத்துப் பேரு ஒண்ணும் தோணல. கையில இருந்த டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். பேரு வெட்டியிருந்துச்சு. அழகா, முத்து முத்தா..."

"எவர்சில்வர் டம்ளரா? வாய்ல விளிம்பு மடிச்சதா?"

"ஆமா."

அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டான். என் டம்ளர்கள் ஆறு. நானே வாங்கி, நானே வெட்டியது. ஐந்து என் அலமாரியில் இருக்கிறது. ஆறாவது, சரஸ்வதி பூசை அன்று பாயசத்தோடு ஒரு வீட்டுக்குப் போனது, திரும்பி வரவில்லை. எந்த வீடு என்று எனக்குத் தெரியும். பாத்திரம் விஷயத்தில் எனக்கு மறதி கிடையாது. தெருவில் என்னை அதற்காகக் கேலியே செய்வார்கள்.

திருமேனி கெஞ்சினான். "அம்மா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. ஒங்களுக்காக நாளைக்கே மறுப்புப் போட்டுடறேன். 'செய்தியில் குறிப்பிடப்பட்டவர் அதே தெருவில் வசிக்கும் அபரஞ்சி அல்ல'ன்னு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "மு. அபரஞ்சின்னு போடுங்க தம்பி. இனிஷியல விட்டுடாதீங்க" என்றேன். அவன் எழுதிக்கொண்டு போனான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரம் கிளம்பினேன். எதற்கு? டம்ளரை வாங்கத்தான். எனக்குக் கோபம். என் டம்ளரையும் வைத்துக்கொண்டு, என் பெயரையும் ஊர் மேய விட்டுவிட்டு, ஒருத்தி வாயைத் திறக்காமல் இருக்கிறாளே என்று.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மாற்றுப் பெயரும் வைக்க மாட்டேன். பெயர் வைக்கப் போய்த்தான் இவ்வளவும் வந்தது. அவள் என்றே சொல்கிறேன். எங்கள் வரிசையில்... இல்லை, எந்த வரிசை என்றும் வேண்டாம். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கணவர் இறந்து ஆறு வருஷம். வேலைக்குப் போகிறாள், அவளும் மகளும் மட்டும்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது அம்மா. அந்தச் செய்தியில் தெரு சரி. வயது சரி. கணவரை இழந்தவர் என்பது சரி. பெயர் ஒன்றுதான் தப்பு. எங்கள் தெரு சரியானதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தத் தப்பை மட்டும் பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் என் டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அக்கா" என்றாள்.

"என் டம்ளரக் குடு."

"வெறும் டம்ளரா எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு வச்சிருந்தேன்க்கா. எதாவது செஞ்சு போட்டுக் குடுக்கலாம்னு. ஒண்ணும் செய்ற நெலமையே வரல."

"நாலு நாளா என் வாசல்ல திருவிழா நடக்குது. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா. பேரு வராதுன்னு சத்தியம் பண்ணாரு. அதுக்கப்புறந்தான் சொன்னேன். எம்பேரு வரல, ஒங்க பேரு வந்துடுச்சு. ஒங்க வாசப்பக்கம் தலையத் தூக்க முடியலக்கா."

என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது போலிருக்கிறது. அதுவரைக்கும் உள்ளே அவள் மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் குரல் ஏறியதும் அது நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கைகூப்பினாள். சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாள்.

நான் உள்பக்கம் பார்த்து, "டம்ளர் வாங்க வந்தேன் பாப்பா. நீ படி" என்றேன். சத்தம் மறுபடி தொடங்கியது.

பிறகு அவள் காதோடு சொன்னாள். மகள் ப்ளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. கணவரின் அண்ணன்மார் இரண்டு பேர், 'தனியா இருக்கறவகிட்டப் பொண்ண விடக்கூடாது, நாங்க கூட்டிட்டுப் போயிக் கட்டிக் குடுத்துடறோம்' என்று இரண்டு வருஷமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இது தெரிந்தால் மறுநாளே வண்டி வைத்துக்கொண்டு வருவார்கள். "எங்கழுத்துல கெடந்தது போனா போகுதுக்கா. அவ பரீட்சை எழுதிட்டான்னா போதும். பதினெட்டு முடிஞ்சு காலேஜுல சேந்துட்டான்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நாளைக்கு மறுப்பு வருது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. 'அது அபரஞ்சி இல்லை' என்று பேப்பரில் வந்தால் என்ன ஆகும்? அப்படியென்றால் யார் என்று கேட்பார்கள். தனபாக்கியம் மறுபடி பேப்பரை எடுப்பாள், விரல் வைத்துப் படிப்பாள். முப்பத்தெட்டு, கணவரை இழந்தவர், தெப்பக்குளத் தெரு. எழுந்து நேராக இந்த வாசலுக்கு வருவாள், தாழ்ப்பாள் போட.

டம்ளரை வாங்காமலே கிளம்பினேன்.

திருமேனிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தானாம். ஷேர் ஆட்டோ பிடித்து அந்தப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். மாடி. இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் நான் போனதே இல்லை. உள்ளே எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். ஒருவர் என்னைத் தண்ணீர் போடுகிறவர் வீட்டு ஆள் என்று நினைத்து, "காலி கேன் அங்க இருக்கு பாரும்மா" என்றார். திருமேனி அப்போதுதான் படியேறி வந்தான்.

"அம்மா? என்னம்மா இங்க?"

"மறுப்பு வேண்டாம் தம்பி."

"பக்கம் முடியப் போகுதும்மா. போட்டாச்சு. இனிஷியலோடதான் போட்டிருக்கேன்."

"எடுத்துடுங்க."

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அங்கே அவர்தான் தலைவர் போலிருக்கிறது. "என்னய்யா பிரச்சினை? இவங்க யாரு? காலைல மறுப்பு வேணும்னாங்க, இப்ப வேண்டாங்கறாங்க? நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தா யாரு பதில் சொல்றது? போட்டுடு."

திருமேனி என்னைப் பார்த்தான். நான் திருமேனியைப் பார்த்தேன். அத்தனை பேரும் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"செய்தி சரிதான். அந்தப் பொம்பள நான்தான்" என்றேன்.

எனக்கே தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். தெருவில் போகிறவருக்குக் கூடக் கேட்டிருக்கும்.

பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஒங்களுக்கு முப்பத்தெட்டாம்மா?"

"அது நீங்க போட்டது."

"கணவரை இழந்தவர்னு..."

"இழந்துட்டேன்."

ஒரே மூச்சில் கல்யாணமும் ஆகி, கணவரும் போய்விட்டார் எனக்கு. அவர் பாவம், "வருத்தப்படாதீங்கம்மா" என்றார். மறுப்பை எடுத்துவிட்டார்கள்.

திருமேனி படி இறங்கி என்னோடு வந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தான்.

"பேர மாத்தினீங்களே தம்பி, தெருவ ஏன் மாத்தல?" என்று கேட்டேன்.

"தெருப் பேரு இல்லாம எழுதினா, இது நடந்துச்சா இல்ல கதையான்னு மேல கேப்பாங்கம்மா. எதாவது ஒண்ணு நெஜமா இருக்கணுமே."

"நடந்துச்சுன்னு காட்டறதுக்கு அவ வாசலக் காட்டணுமா?"

அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "அவங்க அழுதாங்கன்னு எழுதலம்மா. அவ்வளவு பேசினாங்க, ஏமாத்தினவன் எப்படிப் பேசினான், எப்படி ஆளுங்கள நம்ப வைப்பான்னு. மத்த பொம்பளைங்க உஷாரா இருக்கற மாதிரி அதை எழுதியிருக்கலாம். எடம் இல்லன்னு 'ஆசை வார்த்தை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன்."

"அந்த ஒரு வார்த்தையாலதான் தம்பி நான் சாகறேன்" என்றேன். சிரித்தான். ஆட்டோ ஏற்றிவிட்டான்.

நான் பிறகு அவனுடைய செய்திகளைத் தினமும் தேடிப் படித்தேன். தெருப் பெயர் வருவது நின்றுவிட்டது. 'ஒரு பெண்' என்று மட்டும் எழுதுகிறான். 'மாவட்டத்தின் ஒரு பகுதி' என்கிறான். திருடன் எப்படி வருவான், என்ன கேட்பான் என்பதை விவரமாக எழுதுகிறான். பிழையில்லாமல் எழுதுகிறான். ஒரே ஒரு தடவை ழவுக்கு ள போட்டிருந்தான், போன் பண்ணிச் சொன்னேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான்தான் என்று ஒத்துக்கொண்டாயிற்று. இனி மறைக்க முடியுமா? மறுநாளும் தெருவில் கேட்டார்கள், நான் ஆமாம் என்று சொன்னேன். அதோடு விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். தனபாக்கியம்தான் முன்னால்.

"இன்னிக்குச் சொல்லாம விட மாட்டோம். அந்த ஆசை வார்த்தை என்னன்னு சொல்லு."

"விடுங்கடி."

"ஒரே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, போயிடறோம்."

பல்லும் விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"காலைல பல்லு வலிக்குதுன்னு சொன்னேன். சாயங்காலம், 'பல்வலி இப்பத் தேவலையா?'ன்னு கேட்டான்."

"ம். அப்புறம்?"

"அவ்வளவுதான்."

கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது, ஒருத்தியும் நகர்த்தவில்லை.

"காலைல சொன்னத சாயங்காலம் வரைக்கும் ஞாபகம் வச்சிருந்தானா?" என்றாள் ஒருத்தி.

"மறுநாளும் கேட்டானா?"

"மறுநாளும் கேட்டான்" என்றேன். எதற்குக் குறைக்க வேண்டும்?

தனபாக்கியம் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "எங்க வீட்டுல எனக்கு ரெண்டு பல்லு விழுந்து ஒரு வருஷம் ஆகுது. அந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலடி போய்த் திரும்பி, "நானா இருந்தா வளையலையும் கழட்டிக் குடுத்திருப்பேன்" என்றாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நகையைப் பறிகொடுத்த அவளும் இருந்தாள், ஓரமாக, காலிக் குடத்தோடு. மற்றவர்கள் போன பிறகு என் பக்கத்தில் வந்தாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

"என்னது?"

"எனக்குக் கழுத்து வலி. அவன் அதைத்தான் கேட்டான். தினமும் கேட்டான். அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல." அவள் குழாயைத் திறந்தாள். "எல்லாரும் என்ன முட்டாளும்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். இன்னிக்கு ஒருத்தரும் அப்படிச் சொல்லலக்கா."

"ஒன்ன யாரு பேசினா? முட்டாள்னு சொல்லாம விட்டது என்னத்தான்" என்றேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும் அல்லவா? அவள் அன்றைக்குத்தான் சிரித்து நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் பல்லுக்கு வந்த வாழ்வைச் சொல்ல வேண்டும். தெரு முழுக்க என் பல்லைத்தான் விசாரிக்கிறது. காலையில் ஒருத்தி, சாயங்காலம் ஒருத்தி. "அக்கா, பல்வலி தேவலையா?" முதலாளி கூடக் கேட்டார். பல்லைப் பிடுங்கப் போனபோது துணைக்கு ஐந்து பேர் வந்தார்கள். டாக்டர் யார் நோயாளி என்று கேட்டார். இந்தத் தொல்லை எனக்குப் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பல்லைப் பிடுங்கிய பிறகும் இரண்டு வாரம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தேன். அது பழக்க தோஷம். வேறு ஒன்றுமில்லை.

மாசியில் அந்த மோசடிக்காரனைப் பிடித்துவிட்டார்கள். வேறு ஊரில் வேறு ஒரு பெண்ணின் இடுப்பு வலியை விசாரித்துக்கொண்டிருந்தபோது. எங்கள் தெருக்காரியின் நகையில் பாதி திரும்பக் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு அவள் ஆபீஸ் போகிற மாதிரி போய்விட்டு வந்தாள். நான் அன்றைக்குப் புதுப்புடவை கட்டி, எல்லாரும் பார்க்கத் தெருவில் நடுவாக நடந்து பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது தனபாக்கியம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். "நேர்ல பாத்தியா? ஆளு எப்படி இருந்தான்?" என்றாள். "பரவால்ல" என்றேன்.

மகள் பரீட்சை எழுதினாள். மே மாதம் முடிவு வந்தது. நல்ல மார்க்கு. பெரியப்பாக்கள் வந்தார்கள், வண்டியில்தான் வந்தார்கள், ஸ்வீட் டப்பாவோடு. "எங்க வீட்டுப் பொண்ணு" என்று தெருவில் பெருமை பேசிவிட்டுப் போனார்கள். அப்போது என் வாசலில் நின்று என்னைக் காட்டி ஒருவர் கேட்டாராம், "இவங்கதானே அந்தப் பேப்பர்ல வந்தவங்க?" என்று. "ஆமா மாமா, பாவம்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் என் டம்ளர் திரும்பி வந்தது. நிறையப் பாயசம். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தாள்.

எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பார்த்தீர்களா? உங்களுக்குத் தொண்டை வறண்டிருக்கும், கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பையில் தண்ணீர் இருக்கிறது. டம்ளரும் வைத்திருக்கிறேன், பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்க எனக்குப் பிடிக்காது. இந்தாருங்கள். குடியுங்கள்.

ஐயோ, திருப்பிப் பார்க்காதீர்கள்.

பார்த்துவிட்டீர்களா? சரி. என்ன போட்டிருக்கிறது? 'ரா. தில்லைநாயகி'. ஆமாம், அப்படித்தான் வெட்டியிருக்கிறது. அபரஞ்சி என்று சொன்னீர்களே என்று கேட்கிறீர்கள். அம்மா, நான் எப்படிச் சொன்னேன்? 'அபரஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னேன். முதலிலேயே சொன்னேன். அதுதான் என் அடைப்புக்குறி. நீங்களும் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள்.

பெயரை மட்டும் மாற்றி விட்டுவிடுவேனா? எங்கள் தெருவில் தெப்பக்குளம் கிடையாது. முப்பத்தெட்டு என்றது சும்மா. அவள் பிள்ளை மகளாகவும் இருக்கலாம், மகனாகவும் இருக்கலாம். பரீட்சை என்றேன், வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். பல்வலி நிஜம். அதை மாற்ற மனசு வரவில்லை.

அப்படியானால் தில்லைநாயகி நான்தானா என்றா? எங்கள் தெருவில் டம்ளர்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கும் அம்மா. இது யாருடையது என்று உங்களுக்கு எதற்கு?

குடித்துவிட்டீர்களா? கொடுங்கள். டம்ளர் விஷயத்தில் எனக்குக் கணக்கு உண்டு.